தோளில் தொடங்கி விரலில் முடியும் வலி

கூவம் ஆறு வளைந்து செல்லும் இடத்தில் அமைந்திருக்கும் சிந்தாதிரிப்பேட்டை, 1734ஆம் ஆண்டில் நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்கென்றே உருவாக்கப்பட்ட பகுதியாகும். சின்னத் தறிப் பேட்டை என்பதே நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை என மருவியது என்று கூறுவர். அன்று தறியின் முன்னே உழைத்தன இப்பகுதித் தோள்கள். இன்று மீன் அங்காடியில் ஐஸ் பெட்டிகளையும், பக்கத்துப் புதுப்பேட்டையில் வாகன உதிரிப் பாகங்களையும் சுமக்கின்றன. பகலெல்லாம் சுமந்தது போதாதென்று, மாலையானதும் இளைஞர்கள் உடற்பயிற்சிக் கூடத்திற்குச் சென்று, காசு கொடுத்து இரும்பைத் தூக்குகின்றனர்.

இது வரவேற்க வேண்டிய பழக்கமே. மூலை முடுக்கெல்லாம் வீண் பேச்சிலும் கைபேசியிலும் பொழுது கழிவதைவிட, வியர்வை சிந்தி உடலை உறுதி செய்வது எவ்வளவோ மேல். எலும்புக்கும் தசைக்கும், இரத்தத்தில் சர்க்கரை கட்டுப்படுவதற்கும் பளு தூக்கும் பயிற்சி நன்மை தருகிறது என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை.

நம் பெரியவர்கள் உடற்பயிற்சிக் கூடத்தைத் தாலிம்கானா என்று அழைத்தனர். மதரஸாவில் நாம் தஃலீம் என்கிறோமே, அதே அரபுச் சொல்தான் அது. கற்பித்தல் என்பது அதன் பொருள். ஓர் ஆசானின் கண் முன்னால் தண்டாலும் பஸ்கியும் கர்லாக் கட்டையும் படிப்படியாகக் கற்பிக்கப்பட்ட இடம் அது. இன்றைய கூடங்கள் பலவற்றில் இயந்திரங்கள் இருக்கின்றன, நிலைக்கண்ணாடி இருக்கிறது, பாட்டும் ஒலிக்கிறது. கற்பிப்பவர் மட்டும் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. அதன் விளைவாகப் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் இரண்டு மூன்று மாதங்களில் ஒரு விசித்திரமான வலியோடு வீடு திரும்புகின்றனர். கழுத்திலோ தோளிலோ தொடங்கும் அந்த வலி, மின்சாரம் பாய்ந்தாற்போலக் கை வழியாக இறங்கி விரல் நுனியில் முடிகிறது.

அன்பிற்குரிய வாசகர்களே! இந்த வலியை அலட்சியம் செய்வதும் தவறு. கண்டு நடுங்குவதும் தவறு. இது என்ன என்பதை அறிந்துகொண்டால், பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையின்றியே சில வாரங்களில் மீண்டுவிடலாம். பயிற்சியையும் தொடரலாம்.

எல்லா வலியும் ஒரே வலி அல்ல

புதிதாகப் பளு தூக்குபவருக்கு உடல் வலிப்பது இயல்பு. அந்தத் தசைவலி மறுநாள் தொடங்கி, இரண்டாம் நாள் மிகுந்து, நான்கைந்து நாட்களில் தானே தணியும். இரண்டு கைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். தசையை அழுத்தினால் நோகும், நடமாடினால் இளகும். இதற்கு மருந்தே தேவையில்லை.

நரம்பு சார்ந்த வலியின் குணம் வேறு. அது பெரும்பாலும் ஒரு கையில் மட்டும், ஒரு கோடு கிழித்தாற்போல ஓடும். சுள்ளென்று சுடும், ஊசி குத்துவது போலவும் எறும்பு ஊர்வது போலவும் தோன்றும், சில விரல்கள் மரத்துப் போகும். தேநீர்க் குவளையைப் பிடிக்கும் கை தளரும். தலையைத் திருப்பினால் மாறும். தொழுகையின் முடிவில் ஸலாம் கொடுக்க ஒரு பக்கம் திரும்புகையில்தான் பலர் இதை முதன்முதலில் உணர்கின்றனர்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் புண்பட்டால், வலி புஜத்தின் வெளிப்புறத்தில் இறங்கும். ஆனால் முழங்கைக்குக் கீழே பெரும்பாலும் செல்லாது. விரல்கள் மரத்துப் போவதும் இல்லை. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது பாதி உயரத்தில் வலித்து, முழுதும் உயர்த்தியதும் குறையும். இரவில் அந்தப் பக்கமாகப் படுக்க முடியாது. பார்வைக்கு நரம்பு வலி போலவே தோன்றினும் இதற்குரிய சிகிச்சை வேறு.

ஒரு சொல் படுத்தும் பாடு

நம் பேச்சு வழக்கில் நரம்பு என்ற ஒரே சொல் பல பொருள்களில் புழங்குகிறது. கையில் பச்சையாகப் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். தசையை எலும்போடு பிணைக்கும் நாணையும் நரம்பு என்கிறோம். மூளையின் கட்டளையைச் சுமந்து செல்லும் உண்மையான நரம்பும் நமக்கு நரம்புதான். போதாக்குறைக்கு, நகரத்துச் சுவர்களிலெல்லாம் நரம்புத் தளர்ச்சி என்று எழுதிவைத்து, வாலிபர்களை வெட்கத்தாலும் அச்சத்தாலும் பிடித்திழுக்கும் போலி வைத்தியர்கள் வேறு.

இதனால் நேரும் கேடு சிறிதன்று. என்னிடம் மாலை வேளையில் பாடம் கேட்கும் இளைஞர் ஒருவருக்குக் கட்டைவிரல் வரை சுள்ளென்று வலி ஓடியது. பயிற்சியில் சேர்ந்து மூன்று மாதம் கூட ஆகவில்லை. நண்பர் ஒருவர், "உனக்கு நரம்பு வீக்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், திருமணம் ஆக வேண்டிய பிள்ளை, பெற்றோரிடமும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் செல்லவில்லை. சுவர் விளம்பரத்தில் கண்ட முகவரிக்குச் சென்று, ஒரு மாதச் சம்பளத்தை லேகியத்திற்கும் மாத்திரைக்கும் கொடுத்தார். உண்மையில் அவருக்கு இருந்தது கழுத்தில் ஒரு நரம்பின் வேர் உறுத்தப்பட்டதால் வந்த வலி. ஆண்மைக்கும் அதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. அரசு மருத்துவமனையில் காட்டி, இயன்முறைப் பயிற்சி பெற்று, இரண்டு மாதங்களில் தேறினார்.

ஆகவே முதலில் இந்த அச்சத்தை அகற்ற வேண்டும். கையில் ஓடும் நரம்பு வலி, எலும்பு முறிவைப் போல உடலின் ஓரிடத்தில் நேர்ந்த ஒரு கோளாறே. அதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வலி எங்கிருந்து புறப்படுகிறது?

கழுத்தில் 7 எலும்புகள் உள்ளன. அவற்றின் இடையிலிருந்து 8 இணை நரம்புகள் வெளிவருகின்றன. அவற்றுள் கீழ் நான்கும், மார்புப் பகுதியின் முதல் நரம்பும் சேர்ந்து, தறியில் இழைகள் கூடுவது போலக் கூடிப் பிரிந்து ஒரு பின்னலாகின்றன. அந்தப் பின்னல் கழுத்துத் தசைகளின் இடுக்கிலும், பிறகு காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவிலும், பிறகு மார்பின் சிறு தசைக்கு அடியிலுமாக நுழைந்து, அக்குளைக் கடந்து கைக்குள் செல்கிறது. இந்த நெடுவழியில் எங்கு நெருக்கடி ஏற்பட்டாலும் நாம் உணர்வது கையில்தான்.

எந்த விரலில் உணர்கிறோம் என்பதே இடத்தைக் காட்டும் நல்ல அடையாளம். கட்டைவிரலும் சுட்டுவிரலும் என்றால், கழுத்தின் ஆறாம் நரம்பாக இருக்கலாம். நடுவிரல் என்றால் ஏழாம் நரம்பு. கழுத்து நரம்பு வேர்களில் மிகுதியாகத் தொல்லைப்படுவது இதுவே. சிறுவிரலும் மோதிரவிரலும் என்றால், எட்டாம் நரம்பாகவோ, முழங்கையின் உட்புறம் செல்லும் நரம்பு அழுத்தப்பட்டதாகவோ இருக்கலாம். முழங்கை சுவரில் இடித்தால் ஷாக் அடிக்குமே, அந்த நரம்புதான் இது. கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை இரவில் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால், மணிக்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னோர் எளிய அடையாளமும் உண்டு. வலிக்கும் கையைத் தூக்கி உச்சந்தலைமேல் வைத்துக்கொண்டால் சிலருக்கு வலி குறையும். அப்படி வைத்துக்கொண்டே உறங்குவோரும் உளர். கழுத்து நரம்பு வேரின் இறுக்கம் அந்நிலையில் தளர்வதே காரணம். இதற்கு மாறாக, கையை மேலே உயர்த்தினால் மரத்துப்போவது மிகுந்தால், காறை எலும்புப் பகுதியில் நெருக்கடி இருக்கக்கூடும். இவை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்வதற்கு உதவும் குறிப்புகள். நோயை நாமே முடிவு செய்வதற்கு அல்ல.

புதியவரை ஏன் பிடிக்கிறது?

பளு தூக்கத் தொடங்கிய முதல் வாரங்களில் வலிமை விரைவாகக் கூடுகிறது. தசை பெருத்ததனால் மட்டுமன்று. இருக்கும் தசையை இயக்க மூளை கற்றுக்கொண்டதே அதற்குப் பெருங்காரணம். தசைநாண்களோ மிக மெதுவாகவே உறுதிப்படும். ஆகவே இரண்டாம் மாதத்தில் இளைஞரால் தூக்க முடிகிற எடைக்கும், அவருடைய மூட்டுகள் தாங்கக்கூடிய எடைக்கும் இடையே பெரிய இடைவெளி விழுகிறது. நண்பர்கள் சூழ நிற்கையில் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிவதில்லை.

அடுத்த காரணம், செய்முறைப் பிழை. எடைக்கம்பியைத் தோளில் ஏற்றி உட்கார்ந்தெழும் ஸ்குவாட்டில் கைகளை மிக நெருக்கிப் பிடித்தால், தோளும் முழங்கையும் முறுக்கப்படுகின்றன. மல்லாந்து படுத்துக் கம்பியைத் தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் முழங்கைகளைச் சிலுவை போல நேர்ப்பக்கமாக விரித்தால், தோளின் முன்புறம் நசுங்குகிறது. கம்பியைப் பிடரிக்குப் பின்னால் இறக்கும் பயிற்சிகளில் தலை முன்னே தள்ளப்பட்டுக் கழுத்து ஒடுங்குகிறது. தரையிலிருந்து எடை தூக்கும் டெட்லிஃப்ட்டில், நிலைக்கண்ணாடியைப் பார்ப்பதற்காகத் தலையை அண்ணாந்தால் பிடரி மடங்குகிறது. இதோடு பகல் முழுதும் சுமை, இரவு இரண்டு மணி வரை குனிந்து கைபேசி, உயரமான தலையணை ஆகியவையும் சேர்ந்தால், கழுத்துக்கு ஓய்வே இல்லாமல் போகிறது.

செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

முதலாவது, வலியை எழுப்பும் பயிற்சியை உடனே நிறுத்துக. எல்லாவற்றையும் நிறுத்திப் படுக்கையில் கிடக்க வேண்டியதில்லை. கால்களுக்கான பயிற்சி, நடை, வலி எழுப்பாத இலகுவான அசைவுகள் ஆகியவற்றைத் தொடரலாம். முழு அசைவின்மை தோளை இறுக்கிவிடும்.

இரண்டாவது, வலிக்கு மதிப்பெண் இடுக. வலியே இல்லை என்றால் பூஜ்யம். தாங்கவே முடியாது என்றால் 10. ஒரு பயிற்சியின்போது 3க்கு மேல் போனாலோ, மறுநாள் காலையில் முந்தைய நாளைவிட மிகுந்திருந்தாலோ, அந்த எடை அதிகம் என்று பொருள். வலி கைவிரலிலிருந்து மேல்நோக்கிச் சுருங்கித் தோளுக்கு வந்தால் அது தேறுவதன் அறிகுறி. தோளிலிருந்து விரலுக்கு இறங்கினால் நிலைமை மோசமாகிறது.

மூன்றாவது, திரும்பும்போது படிப்படியாகத் திரும்புக. போட்டிகளில் ஆடவர் பயன்படுத்தும் வெறுங்கம்பியின் எடையே 20 கிலோ. மகளிருக்கு 15 கிலோ. அதுவே மிகுதியானால் அதைவிட எடை குறைந்த டம்பெல்ஸில் தொடங்குவதில் இழுக்கில்லை. முன்பு தூக்கியதில் பாதியில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாக ஏற்றலாம். பெஞ்ச் பிரஸ்ஸில் முழங்கையை உடலுக்குச் சாய்வாக, ஏறத்தாழ 45 பாகையில் வைக்கலாம். தள்ளும் பயிற்சிக்கு ஈடாக இழுக்கும் பயிற்சியும் செய்து, தோள்பட்டையின் பின்புறத்தை வலுப்படுத்த வேண்டும். பிடரிக்குப் பின்னால் இறக்கும் பயிற்சிகளைப் புதியவர்கள் விட்டுவிடுவதே நலம்.

செய்யக்கூடாதவையும் உண்டு. முடிதிருத்தும் நிலையத்தில் கழுத்தை முறுக்கிச் சொடக்கெடுக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். கழுத்து வழியாக மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேரக்கூடும். அரிதாகத்தான் நேரும், ஆனால் நேர்ந்தால் மீட்பு கடினம். சுளுக்கு எடுக்கிறேன் என்று மரத்துப்போன கையை வலிந்து இழுக்க விடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் ஊசியும் வலியை மறைக்குமே தவிர, காரணத்தைத் தீர்க்கா. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்க்கு அவை தீங்கும் செய்யும். வலியை மறைத்துக்கொண்டு மேலும் எடை தூக்குவது, அணைந்த சிக்னலைப் பச்சை என்று எண்ணி வண்டியைச் செலுத்துவதற்கு ஒப்பாகும்.

எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கவும் விரைய வேண்டாம். வலியே இல்லாத பலருடைய கழுத்திலும் தட்டுப் பிதுக்கம் படத்தில் தெரிவதுண்டு. படத்தை மட்டும் பார்த்து அஞ்சினால் நலமாயிருப்பவரும் நோயாளியாகிவிடுவார். கை தளர்ந்தாலோ, சில வாரங்கள் கடந்தும் வலி குறையாவிட்டாலோ, மருத்துவர் அதனை எழுதித் தருவார்.

தாமதிக்கலாகாத அடையாளங்கள்

பின்வருவனவற்றை வீட்டில் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

கை நாளுக்கு நாள் பலம் குன்றினால், பொருள்கள் கைநழுவினால், சட்டைப் பொத்தான் போட முடியாமற் போனால் உடனே மருத்துவரைக் காண வேண்டும். இரு கைகளும் மரத்து, நடை தள்ளாடி, சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் தண்டுவடமே அழுத்தப்படுகிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடும் பயிற்சிக்குப் பின் ஒரு கை முழுதும் வீங்கி, கனத்து, நீலம் பாய்ந்தால் அது இரத்தக் குழாயில் உறைவு ஏற்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். இது திடகாத்திரமான இளைஞர்க்கும் வரக்கூடியதே. காய்ச்சலோடும் காரணமின்றி உடல் மெலிவதோடும் வரும் கழுத்து வலியையும் விட்டுவைக்கலாகாது.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. கைவலியோடு நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல் இருந்தால், அது பயிற்சியினால் வந்த சுளுக்கு என்று எண்ணிப் படுத்துவிடாதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் வரலாம். 108க்கு அழையுங்கள்.

நாற்பதைக் கடந்த பெற்றோருக்கும் ஒரு சொல். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் மூட்டு இறுகிப்போவது மிகுதி. சட்டையைக் கழற்றவும், பின்கூந்தலை முடியவும் முடியாமற்போவது அதன் அடையாளம். மகனுக்கு வந்த வலியும் தந்தைக்கு வந்த வலியும் ஒரே தோளில் இருந்தாலும் ஒரே நோயல்ல. ஒருவருக்கு எழுதிய மாத்திரையை மற்றவர் விழுங்கலாகாது.

இப்பகுதியினர்க்கு மருத்துவ உதவி தொலைவில் இல்லை. பூங்கா நகரில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும், அண்ணா சாலையருகே ஓமந்தூரார் வளாகத்தில் அரசு மருத்துவமனையும் உள்ளன. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இயங்குகிறது. வலி எப்போது தொடங்கியது, எந்த விரலில் முடிகிறது, எந்த அசைவில் மிகுகிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு சென்றால், வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

வீரர்கள் தரும் பாடம்

"பெரிய வீரர்கள் வலியோடுதானே தூக்குகிறார்கள்?" என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர். 2018இல் கோல்ட் கோஸ்ட் போட்டியின்போது தொடைக் காயத்திலிருந்து அவர் முழுதும் தேறியிருக்கவில்லை. ஆயினும் 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம் பெற்றார். இதை வலியைப் பொருட்படுத்தாமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வோர், அவருக்குப் பின்னே இருந்த ஆண்டுக்கணக்கான பயிற்சியையும், காயம் எங்கே, எவ்வளவு என்று அறிந்த பயிற்சியாளர்களையும் மறந்துவிடுகின்றனர். மூன்று மாதம் பழகிய பிள்ளைக்கு அவை இல்லை.

மணிப்பூரைச் சேர்ந்த மீராபாய் சானுவின் வரலாறு இதைவிடத் தெளிவானது. தோளிலும் முதுகிலும் தொல்லை இருந்ததால், 2020ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் அவர் அமெரிக்கா சென்றார். முன்னாள் பளுதூக்கும் வீரரும் இயன்முறை மருத்துவருமான ஆரன் ஹார்ஷிக் என்பவரிடம் சிகிச்சை பெற்றார். காயத்திற்கு மருந்திட்டதோடு நில்லாமல், தூக்கும் முறையே திருத்தப்பட்டது. 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில், கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 119 கிலோ தூக்கி அவர் அன்றைய உலக சாதனையைப் படைத்தார். அதே ஆண்டு ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றார். உலகத் தரமான வீராங்கனையே நின்று, காட்டி, திருத்திக்கொண்டு திரும்பியிருக்கிறார் என்றால், நேற்றுச் சேர்ந்தவர் அவ்வாறு செய்வதில் என்ன தாழ்வு?

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

தாய்மார்களே! பிள்ளை கையை உதறிக்கொண்டு நின்றால், "அந்த ஜிம்முக்கே போகாதே" என்று சீறாதீர்கள். அப்படிச் சீறினால் அடுத்த முறை வலியை மறைப்பான், மறைத்துக்கொண்டு தூக்குவான். எந்த விரல் மரக்கிறது என்று கேளுங்கள். தலையணையின் உயரத்தைப் பாருங்கள். தந்தைமார்களே! மாதக் கட்டணம் கட்டுமுன், கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறாரா என்று ஒருமுறை நேரில் சென்று பார்த்து வாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் யாரென்று விசாரிக்கிறோம். உடலைக் கற்பிக்கும் இடத்திலும் அந்த அக்கறை வேண்டும்.

இளைஞர்களே! கழுத்து நரம்பு வேர் உறுத்தப்படுவதால் வரும் கைவலி, பெரும்பாலோர்க்கு மூன்று மாதங்களுக்குள் தணிந்துவிடுகிறது. இருபது வயதில் மூன்று மாதம் மிகச் சிறிது. அதனைப் பொறுக்க மாட்டாமல் ஒரு கையின் வலிமையை ஆயுளுக்கும் பணயம் வைக்கலாகாது. இன்று மாலை கம்பியை எடுக்குமுன் விரல்களை மடக்கி விரித்துப் பாருங்கள். கழுத்தை இருபுறமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். எங்கேனும் சுள்ளென்று ஓடினால், இன்று கம்பியை அதன் தாங்கியிலேயே விட்டுவிட்டு, நாளைக் காலையில் மருத்துவரைக் காணுங்கள்.